பட்டியக்கா தட்டிப் பார்த்த சீலிங்

பட்டியக்காவிடம் ஒரு சுவரைக் காட்டி, "இது சின்ன விரிசல்தானே?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் தொலைந்தார். "சின்னதா பெருசான்னு நான் சொல்றேன். எத்தன நாளா இருக்கு, அத மட்டும் நீங்க சொல்லுங்க" என்பாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். குடியிருக்கிற வீட்டுச் சுவரை ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே பதில் வரும்!

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆள் குள்ளம்; ஏணியின் மூன்றாவது படியில் நின்றால்தான் மற்றவர்கள் உயரம் வருவாள். குரல் மட்டும் ஏணி இல்லாமலே எட்டாத இடத்துக்கெல்லாம் எட்டும். வெள்ளை மாவைக் குழைத்து, சுவரில் இருக்கிற விரிசலையும் பள்ளத்தையும் அடைத்து, தேய்த்து, வண்ணம் அடிக்கத் தயார் செய்கிற வேலைக்குப் பட்டி பார்ப்பது என்று பெயர். அந்த வேலையைப் பதினேழு வருஷமாகச் செய்கிறாள். அதனால் பட்டியக்கா.

அதற்கு முன்னால் தரை சுரண்டிக்கொண்டிருந்தாள். பெயின்டர்கள் வேலையை முடித்துப் போன பிறகு தரையில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து கிடக்கும் வண்ணத்தை பிளேடால் சுரண்டி எடுத்துத் துடைக்க வேண்டும். அப்படிக் குந்தி உட்கார்ந்து சுரண்டும்போது கழுத்து வலிக்கும். கழுத்தை நிமிர்த்தினால், அவசரத்தில் பூசிய விரிசல்கள் எல்லாம் மேலேயிருந்து பல்லை இளிக்கும். ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பெயின்டரிடம் சொல்லிவிட்டாள். "அவ்வளவு தெரிஞ்சவ, நீயே பூசேன் பார்ப்போம்" என்று அவர் பட்டி பூசுகிற தகட்டைக் கையில் கொடுத்தார். மறுநாள் வந்து விரிசல் எங்கே இருந்தது என்று அவரே தேடினார். அதற்குப் பிறகு அவள் தரையைச் சுரண்டவில்லை.

அவள் வேலையைப் பார்க்க வேண்டும். விரிசல் மேலேயே மாவை இழுகிவிட்டுப் போகிற ரகம் கிடையாது. முதலில் தகட்டின் முனையால் விரிசலைக் கீறி வாயை அகலமாக்குவாள். உள்ளே இருக்கிற தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டுவாள். தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுப்பாள். பிறகு மெல்லிசாக ஒரு கோட்டிங். அது காய்ந்த பிறகு விரிசல் நீளத்துக்கு வலை மாதிரி ஒரு டேப் ஒட்டுவாள். அதற்கு மேல் இன்னொரு மெல்லிசு கோட்டிங். "தடியா ஒரே தடவை அப்பினா, காயும்போது அதுவே ஒரு விரிசல் விடும். அப்புறம் விரிசலுக்கு விரிசல் பார்க்கணும்" என்பாள். கடைசியில் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். விரலுக்குத் தெரிந்தால் மறுபடி தேய்ப்பாள்.

இதெல்லாம் பிறகு. முதல் நாள் போனால் பூசவே மாட்டாள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வந்துவிடுவாள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பாள். கோட்டைத் தாண்டாத விரிசல் செத்த விரிசல், அதைப் பூசலாம். தாண்டியிருந்தால் அது உயிரோடு இருக்கிறது. எதனால் ஓடுகிறது என்று கண்டுபிடிக்காமல் தொட மாட்டாள். கல்யாணம், புதுக் குடித்தனம், விருந்தாளி வருகிறார்கள் என்று யார் என்ன அவசரம் சொன்னாலும் இதில் ஒரு நாள் குறையாது.

ஒரே ஒரு வீட்டுக்காரரிடம் மட்டும் அவள் இந்தப் பிடிவாதத்தை விட்டுக்கொடுத்திருந்தாள்.

அவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் மூன்று தெருவில் பதினோரு வீடுகள். எல்லாம் வாடகைக்கு. வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு சுவர் வெடிக்கும். வருஷம் முழுக்க பட்டியக்காவுக்கு வேலை. "உன் கைய யாரும் அடிச்சுக்க முடியாதும்மா" என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்வார். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு வீட்டு சீலிங்கைக் காட்டி, "நாளைக்கே முடிச்சிடு" என்றபோது பென்சிலை எடுக்கவில்லை. மஞ்சளாக ஒரு ஈரக்கறை, அதன் நடுவே வளைந்து போன ஒரு விரிசல். பூசினாள். கறை மறுபடி வெளியே தெரியாமல் அடைக்கிற ஒரு பிரைமர் புதிதாக வந்திருந்தது. அதை இரண்டு முறை அடித்தாள். வண்ணத்தையும் பழைய சீலிங்கின் நிறத்துக்குத் தகுந்த மாதிரி தானே கலந்தாள். ஏணியை விட்டு இறங்கி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தான் பூசிய இடம் எதுவென்று தனக்கே தெரியாத சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

அதே வீட்டைப் பற்றித்தான் இப்போது போன் வந்திருக்கிறது. "அதே ரூம்ல மறுபடி ஒரு கோடு விட்டிருக்காம், வாடகை வாங்கப் போன நம்ம ஆள் பார்த்துட்டு வந்து சொன்னான். ரெண்டு மணி நேர வேலை, போய் முடிச்சிடு. நான் பத்தரைக்கு வந்து பார்க்கறேன்" என்றார் வீட்டுக்காரர்.

அந்த வீட்டில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். புருஷனுக்குத் தூரத்தில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவான். முன் அறையில் தையல் மெஷின். உள் அறையில் அவளுடைய அப்பா. இடுப்பு எலும்பு முறிந்து மூன்று வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறவர். கட்டிலுக்கு நேர் மேலேதான் அந்த விரிசல்.

"வாம்மா பட்டியம்மா. போன தடவை என் ஆத்தை அடைச்சிட்டுப் போனியே, இப்ப அது வேற வழி பார்த்துடுச்சு" என்றார் பெரியவர் படுத்தபடியே. பழைய விரிசலை அவர் ஆறு என்றுதான் சொல்வார். பகல் முழுக்க மேலே பார்த்துக்கொண்டு கிடக்கிற மனுஷனுக்கு வேறு என்ன போக்கு!

பட்டியக்கா ஏணியில் ஏறினாள். அவள் பூசிய இடம் அப்படியே இருந்தது. மயிரிழை கூட விடவில்லை. புது விரிசல் அவள் பூச்சின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடியிருந்தது. தகட்டைத் திருப்பிப் பிடித்து மரக்கைப்பிடியால் சீலிங்கைத் தட்டினாள். சுவரோரத்தில் டொக் டொக் என்று கெட்டியாகக் கேட்டது. நடுவே வரவர, காலி டப்பாவைத் தட்டுவது போல் பொத்துப் பொத்தென்றது. அவள் பூசிய இடத்தில்தான் அந்தச் சத்தம் இருப்பதிலேயே மோசமாக இருந்தது.

"பெரியவரே, இது ஒரே நாள்ல இவ்வளவு நீளம் வந்ததா?"

"ஒரே நாளா? ஆறு மாசமாப் போய்க்கிட்டிருக்கு. மேல் வீட்டுல நல்லாத் தண்ணி ஊத்திக் குளிச்சாங்கன்னா மறுநாள் ஒரு விரல் நீளும்."

"ஆறு மாசமாப் பார்த்துட்டு ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அவர் மகள் கையில் கத்திரிக்கோலோடு நின்றிருந்தாள்.

பட்டியக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் அப்போதும் இறங்கிக்கொண்டிருந்தது, இப்போதும் இறங்குகிறது. கறை தெரிந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். அவள்தான் கறையே தெரியாதபடி இரண்டு முறை பிரைமர் அடித்துவிட்டுப் போனாளே! வெளியே வர வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கி, காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, துருவேறிய கம்பி வீங்கி, அடியில் இருக்கிற பூச்சைக் கீழே தள்ளிவிட்டது. கைத்திறமை கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் அடுத்த மழைக்குள் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஏணியிலேயே நின்று தன்னைத்தானே நாலு கெட்ட வார்த்தை திட்டிக்கொண்டாள்.

இறங்கி வந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். "இதைப் பூசினா மறைஞ்சிடும். ஆனா விழுந்துடும். எப்பன்னு சொல்ல முடியாது. போன தடவை நான் தட்டிப் பார்க்காமப் பூசிட்டேன். தப்பு என்னோடது."

தையல்காரி அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, உங்க கால்ல விழறேன், பூசிட்டுப் போயிடுங்க. ஒண்ணுமில்லன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. அப்பா கட்டிலை நான் முன் ரூம்ல போட்டுக்கறேன்."

"முன் ரூம்ல போட்டா, அந்த ரூம்ல நீ படுப்பியா?"

"நான் எங்கயோ படுத்துக்கறேன். பெரிய வேலைன்னு தெரிஞ்சா அவர் எங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு அக்கா. படுத்த படுக்கையா ஒரு ஆளு இருக்காருன்னா யாரு வீடு குடுப்பா? இந்த வீட்டுக்கு முன்னாடி பதினேழு வீடு ஏறி இறங்கினேன். வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பினாங்க. செத்துக்கித்துப் போயிட்டா வீட்டுக்கு ஆகாதாம்." அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

சொன்னபடி பத்தரைக்கு வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பட்டியக்கா அவரிடமும் அதையேதான் சொன்னாள். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகமோ பளிச்சென்று ஆனது.

"விழுந்துடும்னு நீயே சொல்ற. ரொம்ப நல்லது. இந்த வீடு குடியிருக்க லாயக்கில்லன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. இவங்க காலி பண்ணட்டும். நான் உள்ள மொத்தமா உடைச்சு மாடர்னா மாத்திக்கறேன். ரெண்டு வருஷமா இவங்களை எழுப்ப வழி தெரியாம இருந்தேன்." கட்டிலில் கிடக்கிற மனுஷன் காது கேட்காதவர் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைக்கூடத் தணிக்கவில்லை.

பட்டியக்காவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "ஒருத்தி குறைச்சுச் சொல்லுங்கறா. ஒருத்தர் கூட்டிச் சொல்லுங்கறாரு. இருக்கறத இருக்கற மாதிரிக் கேக்க இந்த வீட்டுல ஆளே இல்லையா?" என்று சத்தம் போட்டுவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

அங்குலம் அங்குலமாகத் தட்டினாள். பொத்தென்று கேட்கிற இடமும் டொக்கென்று கேட்கிற இடமும் சந்திக்கிற புள்ளியில் ஒரு குறி. நகர்ந்து இன்னொரு குறி. கைவலி தோள்பட்டைக்கு ஏறியது. புழுதி கண்ணில் விழுந்தது. வீட்டுக்காரர் மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்துக் குறிகளையெல்லாம் சேர்த்து சீலிங்கில் ஒரு கட்டம் போட்டு முடித்தாள்.

"நாலடி நீளம், மூணடி அகலம். இந்தக் கோட்டுக்குள்ள கெட்டுப்போச்சு. கோட்டுக்கு வெளிய ஒரு விரற்கடை கூடக் கெடல. காகிதத்துல எழுதணும்னா இதைத்தான் எழுதுவேன். சீலிங்ல நாலுக்கு மூணு கெட்டா வீடு லாயக்கில்லாமப் போயிடாது சார். ஒரு பல்லு சொத்தையானா தலையையா எடுக்கறோம்?"

"நீ பூசினதுதானே கெட்டுச்சு? இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எனக்குச் சட்டம் பேசற?"

"இதே மூஞ்சிதான். நான் கெடுத்ததை நானே சரி பண்றேன்."

"உனக்கு நான் வேலையே குடுக்கலையே!"

"நீங்க புதுசாக் குடுக்க வேண்டாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி குடுத்த வேலைய நான் இன்னும் முடிக்கல."

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. பதினோரு வீட்டிலும் அவரை எதிர்த்து ஒருவர் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை. "சரி. வர்ற ஞாயித்துக்கிழமை என் மேஸ்திரியோட வர்றேன். அன்னைக்கு சீலிங் திறந்து கிடந்தாலும் சரி, கோட்டுக்கு வெளிய ஒரே ஒரு இடம் பொத்துன்னு கேட்டாலும் சரி, இவங்க மூட்டையைக் கட்டணும்."

"வரச் சொல்லுங்க. சுத்தியலோட வரச் சொல்லுங்க" என்றாள் பட்டியக்கா.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தவளை அவள் புருஷன் எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது வேன் சொந்தமாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பதிலாக ஏணியும் வாளியும் ஏறி இறங்குகின்றன. சமையலும் அவர்தான்.

"இன்னைக்கு யாரோட சண்டை?"

"என்னோட." நடந்ததைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா?"

"கஷ்டம். ஒவ்வொரு பூச்சும் காயணுமே."

"அப்புறம் ஏன் வாயை விட்ட?"

"கோவம் வந்துச்சுங்க."

"உன் கோவத்துக்கு ஒரு காலண்டர் வாங்கி மாட்டணும். தேதி பார்த்துட்டாவது வரட்டும்" என்றவர், சாப்பாடு போட்டுவிட்டு, வேனில் ஏணியை ஏற்றிக் கட்டப் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் முதல் வேலை, பெரியவரை நகர்த்துவது. பட்டியக்காவின் புருஷன் தலைமாட்டிலும் தையல்காரி கால்மாட்டிலும் பிடித்துக் கட்டிலை முன் அறைக்குக் கொண்டுவந்தார்கள். தையல் மெஷின் சமையலறைக்குப் போனது. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே உட்கார்ந்து அவள் ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்த ரூம் தெரியற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடுங்க. மூணு வருஷமாப் பார்க்கற படத்துக்கு இப்பத்தான் கிளைமாக்ஸ் வருது" என்று பெரியவர் அடம் பிடித்தார். திருப்பிப் போட்டார்கள்.

பட்டியக்கா மேல் வீட்டுக்கு ஏறிப் போனாள். குளியலறைத் தரையில் டைல்ஸ் நடுவே இருந்த பூச்சு முழுக்கக் கரைந்து, பல்போன வாய் மாதிரி இடைவெளி தெரிந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்தாள். "மூணு நாளைக்கு இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது" என்றாள். மேல் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருந்த தம்பதிக்குத் திக்கென்றது. மூன்று நாள் குளிக்காமல் எப்படி? முடியவே முடியாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை.

கீழே வந்து சீலிங்கை உடைக்க ஆரம்பித்தாள். கோட்டின் ஓரத்தில் உளியால் வெட்டிக்கொண்டே போய், பலகையைத் தாங்கு கொடுத்துப் பெயர்த்தபோது, ஒரு பெரிய பாளம் பலகையையும் தள்ளிக்கொண்டு தடாலென்று தரையில் விழுந்தது. வீடு முழுக்கப் புழுதி. புழுதி அடங்கியதும் பார்த்தால், கட்டில் கிடந்த இடத்தில், தலையணை இருக்க வேண்டிய பக்கத்தில் அது கிடந்தது. தையல்காரி ஓடிவந்து அதைப் பார்த்தாள், திரும்பி அப்பாவைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். மெஷினை நிறுத்திவிட்டு வந்து இடிபாடுகளைச் சாக்கில் அள்ளிக் கட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பூசிவிட்டுப் போங்கள் என்று அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

எல்லாம் தூளாகிக் கிடந்தும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டியக்கா பூசிய துண்டு மட்டும் ஒரு தட்டு மாதிரி முழுசாகக் கிடந்தது. அவள் புருஷன் அதை எடுத்துத் தடவிப் பார்த்து, "ஏம்மா, வேலைன்னா இது வேலை. பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்றார். அவள் அதைப் பிடுங்கித் தரையில் வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டாள். அவமானத்தில் அவள் காது சுட்டது. புருஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

வியாழக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று வீட்டுக்காரரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான், ஞாயிறுவரை வராதாம். கலவைக்குத் தண்ணீர் வேண்டும், பூசினதை நனைக்கத் தண்ணீர் வேண்டும். இந்த அம்மா கையை விரித்துவிடுவாள் என்று வீட்டுக்காரர் போட்ட கணக்கு. பட்டியக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஏணியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் தையல்காரி பயந்துபோய்.

"மேல் வீட்டுல மூணு நாளைக்கு யாரும் குளிக்கக் கூடாதுன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன், கேக்கல. அவர் ஒரே நாள்ல சாதிச்சுட்டாரு பார்!"

மேல் வீட்டுத் தம்பதி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குளியலறைத் தரை நன்றாகக் காய்ந்தது. கலவைக்கு வேண்டிய தண்ணீரை அவள் புருஷன் தங்கள் வீட்டிலிருந்து கேன் கேனாக வேனில் கொண்டுவந்து இறக்கினார். தையல்காரிக்கும் பெரியவருக்கும் வேண்டிய தண்ணீரும் அதிலேயே வந்தது.

வெளியே தெரிந்த கம்பிகளை பட்டியக்கா இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தாள். சிவப்புப் பொடி உதிர்ந்து உதிர்ந்து, கடைசியில் கம்பி பளபளத்தது. நல்லவேளை, மேல்தோல்தான் போயிருந்தது. உள்ளே உறுதியாகவே இருந்தது. துரு தடுக்கிற பூச்சை இரண்டு முறை அடித்தாள். பிறகு பழைய காங்கிரீட்டும் புதுக் கலவையும் ஒட்டிக்கொள்வதற்கான பசை. அதற்கு மேல் சீக்கிரம் இறுகுகிற கலவையில் மெல்லிசாக முதல் பூச்சு. வெள்ளிக்கிழமை இரண்டாவது. சனிக்கிழமை மூன்றாவதும் மட்டம் பார்ப்பதும். நடுநடுவே ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். நாலு நாளும் தலைக்கு மேல் கையைத் தூக்கியே வேலை செய்ததில், சனிக்கிழமை சாயங்காலம் அவளால் சீப்பைத் தலைவரை கொண்டுபோக முடியவில்லை. தையல்காரிதான் அவளுக்குத் தலை வாரிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மேஸ்திரியோடு வந்தார். மேஸ்திரி நல்ல உயரம். ஏணியே தேவைப்படவில்லை, ஒரு ஸ்டூல் போதும். முதலில் புதுப் பூச்சைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். பிறகு கோட்டுக்கு வெளியே. பிறகு மூலைகளில். அறை முழுக்க டொக் டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. தையல்காரி கதவோரத்தில் நின்று முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் பெரியவர் முன் அறையிலிருந்து, "நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது" என்று எண்ணிக்கை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டியக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அரை மணி நேரம் கழித்து மேஸ்திரி இறங்கினார். "நம்ம ஆளுங்க செஞ்சிருந்தா இன்னும் ரெண்டடி சேர்த்துத்தான் உடைச்சிருப்பாங்க. இந்தம்மா சரியாக் கோட்டோட நிறுத்தியிருக்காங்க. வெளிய எல்லாம் கெட்டியா இருக்கு சார். இதுல காலி பண்ண என்ன இருக்கு?"

தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "எந்திரி, அப்பாவோட கட்டிலைத் தூக்கணும்" என்று பட்டியக்கா அதட்டினாள்.

வீட்டுக்காரரால் சொன்ன வார்த்தையை மேஸ்திரி முன்னால் மாற்ற முடியாது. "இருக்கட்டும். இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு, இனிமே என் வீட்டுப் பக்கமே நீ வரக் கூடாது. ஒரு வீட்டுக்கும் வரக் கூடாது" என்றார். வாசல்வரை போனவர், இது போதாது என்று தோன்றியதோ என்னவோ, திரும்பி வந்தார். "மத்த வீட்டுல எல்லாம் இதே பிரைமரைத்தானே அடிச்ச? அங்கெல்லாம் ஒரு கீறல் கூட இல்ல. இங்க மட்டும் வம்புக்குன்னே வந்து உடைச்சிருக்க!"

பட்டியக்கா சட்டென்று மேலே சீலிங்கைப் பார்த்தாள். இங்கேயும் ஒன்றரை வருஷம் ஒரு கீறல் தெரியாமல்தானே இருந்தது! வீட்டுக்காரர் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போனார்.

வேனில் திரும்பும்போது அவள் வழியெல்லாம் விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். புருஷன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எத்தன வீடு?" என்றார்.

"நாலு. நாலுலயும் மேல குளியலறை இருக்குங்க."

"வேலையை விட்டே நிறுத்திட்டாரு. வீட்டுப் பக்கம் வராதேன்னும் சொல்லிட்டாரு."

"அவர் சொல்லிட்டாருன்னு தண்ணி இறங்காம நின்னுடுமா?"

வந்து சேர்ந்ததும் அவர் ஏணியை வேனிலிருந்து இறக்காமலே வீட்டுக்குள் போனார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, இரண்டாவது தெருவில் பச்சைக் கேட் போட்ட வீட்டுக் கதவை பட்டியக்கா தட்டினாள். வாயில் பிரஷ்ஷோடு ஒரு இளைஞன் வந்து திறந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"வீட்டுக்காரர் அனுப்பினாரா?" என்றான், ஏணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து.

"இல்ல தம்பி. வரவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. உங்க படுக்கையறை சீலிங்ல முன்னாடி ஒரு விரிசல் இருந்துச்சு, நான்தான் பூசினேன். தட்டிப் பார்க்கணும்."

அவன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். "விரிசலா? நாங்க குடிவந்து ஒரு வருஷம் ஆச்சுக்கா. தினம் அதுக்குக் கீழதானே படுக்கறோம். அங்க ஒண்ணுமே தெரியலையே?"

"தெரியாதுப்பா. தெரியாத மாதிரித்தான் பூசியிருக்கேன்" என்றாள் பட்டியக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "குழந்தையத் தூக்கிட்டு வெளிய வாங்க. கட்டிலை நான் தள்ளிக்கறேன்."